மாநகராட்சியிலிருந்து டாயிலுக்கு: டோனி கிரெகரியும் 1982 உடன்பாடும்

1982 மார்ச் 9 அன்று அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவையான டாயிலில் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் விவாதம் நடந்தது. பிப்ரவரித் தேர்தலில்தான் முதன்முறையாக வென்றிருந்த சுயேச்சை உறுப்பினர் ஒருவர் எழுந்தார். ஃபியனா ஃபெயில் தலைவர் சார்ல்ஸ் ஹாஹியுடன் தாம் செய்துகொண்ட உடன்பாட்டின் விவரங்களை அவைக்குறிப்பில் ஏறும்படி வாசித்தார். டப்ளின் மத்தியத் தொகுதியின் டோனி கிரெகரி அவர். கழுத்துப்பட்டை அணிய மறுத்த உறுப்பினர் என்றும் அவரை அயர்லாந்து நினைவில் வைத்திருக்கிறது.

தொங்கு அவை தந்த நல்வாய்ப்பாகவே பலர் இந்த உடன்பாட்டைப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை இந்தப் பார்வைக்கு முழுதாகத் துணை நிற்கவில்லை. 166 இடங்களில் ஹாஹியின் கட்சிக்குக் கிடைத்தவை 81. அன்று அவர் 86–79 என வென்றார். தொழிலாளர் கட்சி எனப் பின்னர் பெயர் சுருங்கிய இடதுசாரிக் கட்சியின் மூவரும் அவரை ஆதரித்ததால், கிரெகரி எதிர்த்து வாக்களித்திருந்தாலும் ஹாஹியே பிரதமராகியிருப்பார். ஆனால் பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் அந்தக் கணக்கு எவர் கையிலும் இல்லை. கிடைத்த சில நாட்களில் கிரெகரியால் இவ்வளவு விரிவான கோரிக்கைகளை முன்வைக்க முடிந்தது எப்படி என்பதே என் கேள்வி. விடை அவருடைய உள்ளாட்சி ஆண்டுகளில் இருக்கிறது.

1947இல் பிறந்த கிரெகரி பாலிபோ பகுதிக்காரர். தந்தை துறைமுகக் கிடங்குத் தொழிலாளி. உதவித்தொகையில் படித்துப் பள்ளி ஆசிரியரானார். குடியரசுவாத இயக்கங்களில் சில காலம் இருந்து விலகி, 1979இல் டப்ளின் மாநகராட்சிக்குச் சுயேச்சையாகத் தேர்வானார். சரக்குப் பெட்டகங்கள் வந்ததும் துறைமுகக் கூலிவேலை வற்றிப்போயிருந்தது. மாநகராட்சியோ பழைய குடியிருப்புகளை இடித்து, குடும்பங்களைப் புறநகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மிக் ராஃபர்ட்டி, ஃபெர்கஸ் மெக்கேப் போன்ற சமூகச் செயல்பாட்டாளர்கள் இதை எதிர்த்துத் திரட்டிய கோரிக்கைகள் கிரெகரி மேசைக்கு நாள்தோறும் வந்தவை.

உடன்பாட்டின் விதிகளில் அந்த மேசை அப்படியே தெரிகிறது. தொகுதிக்குள் 440 புதிய வீடுகள், டப்ளினின் பிற பகுதிகளில் 1,600, துறைமுக வாரியத்தின் 27 ஏக்கர் நிலத்தை அரசுடைமையாக்குதல், வேலைவாய்ப்புத் திட்டங்கள் என அது விரிந்தது. மதிப்பு 10 கோடி பவுண்டுக்கு மேல். தொழிற்சங்கத் தலைவர் மைக்கேல் முல்லன் சாட்சியாகக் கையெழுத்திட்டார். தொகுதிக்குச் சலுகை கேட்கும் உறுப்பினர்கள் அதை மூடிய அறையில் கேட்பதே வழக்கம். கிரெகரி அதை அவைக்குறிப்பில் ஏற்றியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனால் அது குடிமக்கள் வாசித்துக் கணக்குக் கேட்கக்கூடிய ஆவணமாயிற்று.

ஹாஹி அரசு அதே ஆண்டு நவம்பரில் கவிழ்ந்தது. உடன்பாடு ஓரளவே நிறைவேறியது. 27 ஏக்கர் நிலத்தின் கதி கசப்பானது. 1986ஆம் ஆண்டின் நகரப் புதுப்பிப்புச் சட்டப்படி, சுங்கமனைத் துறைப் பகுதியிலிருந்த அந்த நிலத்துக்கெனத் தனி ஆணையம் அமைந்தது. அங்கே எழுந்தது பன்னாட்டு நிதிச் சேவை மையம். அருகிலிருந்த ஷெரிஃப் தெருக் குடும்பங்கள் கேட்டவை வீடும் வேலையும்.

டாயிலுக்குச் சென்ற பின்னும் கிரெகரி தெருவை விடவில்லை. 1986இல் தெரு வணிகர்களின் போராட்டத்தில் பங்கேற்று, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க மறுத்து, மவுண்ட்ஜாய் சிறையில் இரண்டு வாரம் இருந்தார். ஹெராயின் தன் பகுதிப் பிள்ளைகளைக் கொன்றதைக் கண்டவர், விற்பவர்களின் சொத்தைப் பறிக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1996 ஜூனில் செய்தியாளர் வெரோனிக்கா கெரின் கொல்லப்பட்ட பிறகுதான் அரசு அசைந்தது. குற்றச் சொத்துச் சட்டமும் அதற்கான பணியகமும் அந்த ஆண்டே வந்தன.

ஒருவரே டாயிலிலும் உள்ளாட்சி மன்றத்திலும் அமர்வதை அயர்லாந்து நெடுங்காலம் அனுமதித்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் அதை நிறுத்தி, 2004 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்கள் சட்டமியற்றலில் கவனம் செலுத்தட்டும் என்ற வாதம் நியாயமானதுதான். ஆயினும் 1982 உடன்பாட்டைப் படிக்கும் எவரும், மாநகராட்சி இருக்கை கொடுத்த அறிவு எவ்வளவு என்பதைத் தள்ளிவிட முடியாது. கிரெகரி 1982க்குப் பின் வந்த எல்லாப் பொதுத் தேர்தல்களிலும் தொடர்ந்து வென்று, 2009 ஜனவரி 2 அன்று மறையும்வரை டாயில் உறுப்பினராக இருந்தார். அந்த ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய இடத்தைப் பிடித்தவர், அவரோடு பணியாற்றிய மாநகராட்சி உறுப்பினர் மொரீன் ஓ'சல்லிவன்.