சூசையும் யூசுப்பும்: மன்னாரில் ஒரே பெயர்கள்

மன்னார்த் தீவில் யாரைச் சந்தித்தாலும் நான் முதலில் குறித்துக்கொள்வது பெயரைத்தான். பேசாலையில் சூசை, சந்தியாகு; எருக்கலம்பிட்டியில் யூசுப், யாகூப். கேட்க வேறு வேறு; வேர் ஒன்று.

'மேலும் கூட்டித் தருவாராக' என்று பொருள்படும் எபிரேயப் பெயர் யோசேப்பு. போர்த்துக்கேய மொழி வழியாக வந்து சூசையானது. அரபு மொழி வழியாக வந்து யூசுப்பானது. அரபு மொழியில் யாகூப் ஆன யாக்கோபு, புனிதர் என்ற அடைமொழி சேர்ந்து போர்த்துக்கேயரிடம் 'சந்தியாகோ' ஆனார், நமக்குச் சந்தியாகு. 1560இல் மன்னாரைக் கைப்பற்றியவர்கள் அவர்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யூசுப் போனார். எஞ்சிய சூசை, இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றார். இருவரையும் பிரித்துப் பார்க்க உதவியது அதே பெயர்தான்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது, இந்தக் கதையையும் சொல்லி வையுங்கள்.