ஒடுக்கெடுப்போர்: பாத்திரத் தெருவிலிருந்து டிங்கர் பட்டறை வரை

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒருநாள் மாலை, கும்பகோணம் மகாமகக் குளத்துக்கு அருகே நிறுத்தியிருந்த நமது காரின்மீது, பின்னோக்கி வந்த சரக்கு வண்டியொன்று இடித்துவிட்டுச் சென்றது. இடப்பக்கப் பின்கதவும் அதையடுத்த சக்கர வளைவும் உள்வாங்கிவிட்டன. கார் பதினொரு வயதானது. நாமே இரண்டாவது உரிமையாளர். ஆயினும் அந்த ஒடுக்கைப் பார்த்துக்கொண்டே தினமும் கல்லூரிக்குச் செல்ல மனம் ஒப்பவில்லை. நண்பர் காட்டிய பட்டறையில் விட்டோம். நான்கே நாட்களில், முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்புடன் கார் திரும்பி வந்தது. மகிழ்ந்துபோய்க் கேட்ட தொகையைக் கொடுத்தோம்.

மகிழ்ச்சி சித்திரை வரைதான் நீடித்தது. வெயில் ஏறியதும் சக்கர வளைவில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றியது, பிறகு உப்பியது, ஒருநாள் கதவை அடித்துச் சாத்தியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கால் அங்குலக் கனத்துக்குப் பட்டி! அது இருந்த இடத்தில் ஐப்பசியில் விழுந்த ஒடுக்கு அப்படியே இருந்தது, கூடுதலாகத் துரு. அதுவரை நாம் விலை கொடுத்து வாங்கியது பழுதுபார்ப்பை அல்ல, பழுதை மறைக்கும் ஒரு திரையை.

அந்த வாரமே வீட்டில் இருந்த பித்தளைத் தவலை ஒன்றை ஒடுக்கெடுத்து ஈயம் பூசப் பாத்திரக் கடைத் தெருவுக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்த முதியவரிடம் பேச்சுவாக்கில் கார்க் கதையைச் சொல்ல, அவர் சிரித்துவிட்டார்.

"எவர்சில்வர் வந்ததுக்கப்புறம் ஈயம் பூச யாரு வர்றா சார்? எங்க அண்ணன் மவன் அந்தக் காலத்துலேயே சுத்தியலத் தூக்கிக்கிட்டு கார் பட்டறைக்குப் போயிட்டான். அவன்கிட்ட காட்டுங்க. தவலைக்கும் காருக்கும் ஒடுக்கு ஒண்ணுதான்."

அந்தக் கடைசி வரி நம்மை விடவில்லை. தவலைக்கும் காருக்கும் ஒடுக்கு ஒன்றுதானா? இக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு சற்றே பின்னோக்கிப் பயணிப்போம்.

முதலில் சொற்கள். பாத்திரம் அடிபட்டு உள்வாங்குவதை நம் வீடுகளில் ஒடுக்கு என்போம்; சொட்டை, நெளிசல் என்பனவும் உண்டு. ஒடுங்குதல் என்னும் வினையிலிருந்து பிறந்த அழகிய சொல் ஒடுக்கு. எனினும் காருக்கு வரும்போது 'டிங்கர் வேலை' என்கிறோம். ஆங்கிலத்தில் டிங்கர் என்பவர் யார்? இடைக்காலம் தொட்டே ஊர் ஊராகச் சென்று பானை, சட்டி, கெண்டி முதலியவற்றைச் செப்பனிட்டு வந்த பாத்திரத் தொழிலாளி. இங்கிலாந்தில் கார்த் தகடு தட்டுபவருக்கு அப்பெயர் இல்லை. அவரைத் தகடடிப்பவர் என்னும் பொருள்தரும் வேறொரு பெயரால் அழைக்கின்றனர். இந்தியப் பட்டறைகளில்தான் பாத்திரக்காரரின் பெயர் காருக்கு ஏறியது.

பட்டியின் கதை இன்னும் சுவையானது. அதன் ஆங்கில மூலம் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அச்சொல்லுக்கு 'பானை நிறைய' என்பதே முதற்பொருள். பின்னர் மெருகேற்றும் பொடிக்கு அது பெயராயிற்று. வெள்ளீயத்தைச் சுட்டு நீறாக்கிச் செய்யப்பட்ட மெருகுப்பொடிக்கு ஆங்கிலத்திலும் அப்பெயரே வழங்கியது. ஆக, டிங்கரும் பட்டியும் ஆகிய இரு சொற்களுமே பாத்திரங்களோடு உறவுடையவை. முதியவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, சொல்வரலாறு அவர் பக்கமே நிற்கிறது.

இனித் தொழில். தொடக்ககாலக் கார்களின் உடல், குதிரைவண்டி கட்டியவர்களின் கைவண்ணம். மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தகடு போர்த்தி, தூரிகையால் அடுக்கடுக்காக வண்ணம் பூசுவார்கள். நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1840-ல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் வண்டி கட்டுவதில் பெயர் பெற்றது. 1903-ல் அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் இயங்கும் காரொன்றை உருவாக்கிச் சென்னைத் தெருக்களில் ஓட்டினார். அத்தகைய பட்டறைகளில் தச்சர், கொல்லர், வண்ணம் பூசுவோர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். வண்டி அடிபட்டால் சட்டத்தை மாற்றித் தகட்டைத் திரும்பப் போர்த்துவதே வழக்கம்.

இம்முறையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் எட்வர்ட் பட். 1912-ல் பிலடெல்பியாவில் அவர் தொடங்கிய நிறுவனம், மரமே இல்லாத முழு எஃகு உடல்களை அச்சில் அழுத்தி உருவாக்கியது. அடுத்த கட்டம் 1922-ல் இத்தாலியில் நிகழ்ந்தது. லான்சியா லாம்ப்டா என்னும் காரில், அடிச்சட்டத்துக்குப் பதிலாக உடலே பாரம் தாங்கியது. 1934-ல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் இதே கொள்கையைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து காரின் உடல் ஏறக்குறைய ஒரு பாத்திரமாயிற்று. கூடே எலும்பாகவும் இருக்கும் ஒரு பாத்திரம்.

நம் நாட்டில் இரு வகைகளும் ஓடின. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தனி அடிச்சட்டம் உடையது. உடற்பகுதிகளைத் திருகு கழற்றிப் பிரித்துவிடலாம். 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடரோ, சட்டமும் கூடும் ஒன்றாய் இணைந்தது. ஆனால் கனத்த தகடு. எத்தனை முறை தட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது மெல்லிய தகட்டின் காலம் தொடங்கியது. அம்பாசடரில் கைபழகிய டிங்கர்கள் அதே வேகத்தில் அடித்தால் மாருதியின் தகடு விரிந்து தொளதொளத்துப் போகும்.

இங்கே தட்டும் கலையின் நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். உள்ளே டாலி எனும் இரும்புக்கட்டியை அணைத்து, வெளியே சுத்தியலால் தட்டுவதே முறை. பாத்திரக்காரரின் பட்டடையும் கொட்டாப்புளியும் செய்யும் அதே வேலை. ஒடுக்கு எந்த வரிசையில் விழுந்ததோ, அதற்கு நேர்மாறான வரிசையில் எடுக்க வேண்டும். கடைசியாக மடங்கிய விளிம்பை முதலில் தளர்த்த வேண்டும். நடுப்பள்ளத்தை எடுத்தவுடன் குத்தித் தள்ளினால் சுற்றிலும் தகடு விரியும். விரிந்த தகட்டைச் சிறு புள்ளியாகச் சூடாக்கி, தட்டி, ஈரத்துணியால் குளிர்வித்துச் சுருக்க வேண்டும். பின்னர் அரத்தால் இலேசாக இழுத்தால் மேடு மின்னும், பள்ளம் மங்கலாகவே நிற்கும். அந்த மங்கலைக் கண்டு மீண்டும் தட்டுவான் நல்ல டிங்கர்.

அக்காலத்தில் மேலை நாடுகளில் இதற்குப் பிறகும் எஞ்சும் சிறு பள்ளத்தைக் காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் நிரப்பினார்கள். தகட்டுக்கு முதலில் ஈயம் பூசி, கலவையை இளக்கி, மரக்கரண்டியால் தடவுவார்கள். ஈயம் பூசத் தெரியாதவன் காரைத் தொட முடியாது. அதைக் கற்க ஆண்டுகள் பிடித்தன. 1950களின் நடுவில் பாலியெஸ்டர் பட்டி வந்தது. இரண்டு பசைகளைக் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். யாரும் பூசலாம், எவ்வளவு கனத்துக்கும் பூசலாம். வண்ணத்தின் வேகம் அதற்கு முன்பே கூடியிருந்தது. 1923-ல் டூபான்ட் நிறுவனத்தின் டூக்கோ வண்ணம் கார்களுக்கு வந்ததும், வாரக்கணக்கில் காய்ந்த பூச்சு மிகக் குறுகிய நேரத்தில் காயலாயிற்று. இவ்விரண்டும் சேர்ந்தபோது, தட்டாமலே தட்டியதுபோல் காட்டுவது எளிதாயிற்று.

தவலைக்கும் காருக்குமான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. தவலை நாளை அடுப்பில் ஏறும். அதில் பட்டி நிற்காது. பாத்திரக்காரர் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் மறுநாளே தெரிந்துவிடும். நாணயமாக இருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. காரின் ஒடுக்கோ பளபளப்பின் கீழே மாதக்கணக்கில் உறங்கும். மொழி இதை மறக்கவில்லை. எதையேனும் மேற்பூச்சாக ஒப்பேற்றியதைத் தமிழில் 'பட்டி டிங்கரிங்' என்று கேலி செய்கிறோம். ஆங்கிலத்திலும் டிங்கர் என்பதற்கு அரைகுறையாகச் சரிசெய்பவர் என்ற பொருள் ஏறியிருக்கிறது.

இது அழகைப் பற்றிய கவலை மட்டுமென்றால் இத்தனை வரிகள் தேவையில்லை. மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனத்தின் பெலா பாரெனி 1950களின் தொடக்கத்தில் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். மோதலில் காரின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்க வேண்டும். நசுங்கும்போது மோதலின் விசையை அவை உண்டுவிட, நடுவில் மனிதர்கள் அமரும் கூடு கலையாமல் நிற்க வேண்டும். 1959-ல் அந்நிறுவனம் இதைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது; இன்று எல்லாக் கார்களும் அவ்வாறே. அந்த நசுங்கும் பகுதி ஒருமுறை அடிபட்டபின், உற்பத்தியாளர் தந்த அளவுப்புள்ளிகளின்படி குறுக்களவு எடுத்து நிமிர்த்தப்பட வேண்டும். மடிந்துவிட்டால் மாற்றப்பட வேண்டும். உயர்வலு எஃகை நெருப்புக் காட்டி வளைத்தால் அது வலுவிழக்கும். வண்ணத்தின் கீழே அது எப்படி இருக்கிறது என்பது அடுத்த மோதலில்தான் தெரியவரும். அப்போது பட்டறையைக் குறைகூற உள்ளிருப்பவர் இருக்கவேண்டுமே!

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 1946 முதல் கட்டாயமானது, பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு மட்டுமே. நம் காருக்கான காப்பீட்டை நாம் விரும்பி எடுக்க வேண்டும். அதிலும் 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்த தேய்மான அட்டவணை உண்டு. பத்து ஆண்டு கடந்த காரின் உலோகப் பாகத்தை மாற்றினால் விலையில் 50 விழுக்காடு கழியும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் 50 விழுக்காடு. தட்டும் கூலிக்கு அத்தகைய கழிவில்லை. தவிர, ஒருமுறை இழப்பீடு கோரினால், ஆண்டுகளாகச் சேர்ந்து 50 விழுக்காடு வரை எட்டிய சலுகை போய்விடும். எனவே பழைய காரின் சிறு ஒடுக்குக்கு நல்ல டிங்கரின் கையே பலருக்கும் காப்பீடு.

நாம் முதியவரின் அண்ணன் மகனைத் தேடிச் சென்றோம். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காரைச் சுற்றி வந்தார். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். தகடு இருந்த இடத்தில் கணீரென்றும், பட்டி இருந்த இடத்தில் மொத்தென்றும் கேட்டது.

"எத்தனை நாள் ஆகும் மேஸ்திரி?" என்றோம்.

"எட்டு நாள் ஆகும் சார். பழைய பட்டிய மொத்தமா எடுக்கணும், துருவைச் சுரண்டணும். வியாழக்கெழமை சாயங்காலம் ஒருதரம் வாங்க. பட்டி வைக்கிறதுக்கு முன்னாடி தகட்டைப் பாத்துட்டுப் போயிடுங்க. அப்புறம் பாத்தா ஒண்ணும் தெரியாது."

நல்ல பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இத்தனை நாள் பலரையும் கேட்டுத் திரிந்தோம். அதற்கான விடையை அவரே கேட்காமல் சொல்லிவிட்டார். பூச்சுக்கு முன் வந்து பார் என்று அழைக்கும் பட்டறை நல்ல பட்டறை. அழைக்காவிட்டால் நாமே கேட்கலாம். தயங்கினால் வேறிடம் பார்க்கலாம். முடிந்த வேலையைச் சோதிக்கவும் சில வழிகள் உண்டு. மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை எஃகுத் தகட்டில் நகர்த்தினால், பட்டி கனத்த இடத்தில் பிடி தளரும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்ணத்தை வெயிலிலும் நிழலிலும் பார்க்க வேண்டும். பெரிய மோதலென்றால், அளவு எடுத்த தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

வியாழன் மாலை சென்றோம். சக்கர வளைவு வண்ணமின்றி, வெள்ளையாய், அரம் போட்ட கீறல்களுடன் நின்றது. கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தடவினோம். ஓரிடத்தில் மட்டும் காகிதக் கனத்துக்கு ஒரு தாழ்வு. "அதுக்குத்தான் பட்டி" என்றார்.

அவருடைய இரு பணியாளர்களும் வண்ணம் தெளிப்பவர்கள். சுத்தியல் கற்க யாரும் வருவதில்லையாம். புறப்படும்போது பட்டறை மூலையில் ஒரு கொட்டாப்புளியைக் கண்டோம். தலை தேய்ந்து, பிடி கறுத்திருந்தது. பித்தளைக்குப் பயன்பட்டதா என்றோம். சித்தப்பா கொடுத்தது என்றும், மெல்லிய தகட்டுக்கு இரும்பைவிட அதுவே ஏற்றதென்றும் சொன்னார். நமது கதவின் ஒடுக்கில் பாதியை எடுத்தது அதுதான்.