மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்போம்



ஆற்றிலோ ஈயக் குட்டையிலோ பிள்ளை மூழ்கிவிட்டால், கரையில் போட்டு வயிற்றை அமுக்குகிறோம். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுகிறோம். இது சரிங்களா? வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

1767இல் ஆம்ஸ்டர்டாம் நகரில், நீரில் மூழ்கியவர்களைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னார்கள். கூடவே குடலுக்குள் புகையிலைப் புகையையும் ஏற்றச் சொன்னார்கள்! ஊதும் வழக்கம் நாளடைவில் மங்கிப்போனது. 1932இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன், குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கிக் கைகளைத் தூக்கும் முறையைத் தந்தார். அதைவிட வாயால் ஊதுவதே மேல் என்று 1958இல் டாக்டர் பீட்டர் சாஃபர் சோதித்துக் காட்டினார். 1960இல் நெஞ்சை அமுக்கும் முறையும் சேர்ந்தது.

ஆகவே வயிற்றை அமுக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். நீங்களும் குதித்து மாட்டிக்கொள்ள வேண்டாம். கயிறோ கைலியோ வீசி இழுங்கள். மூச்சு இல்லையா? தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயால் ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை அமுக்கி, 2 தடவை ஊதி, விடாமல் செய்யுங்கள். இன்னொருவர் 999க்கு அழைக்கட்டும்.

உலகம் இருநூறு ஆண்டுகளில் கற்ற பாடம் இது. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் பழகிக்கொள்ளட்டும்!