ஆசிய விளையாட்டு விழாவிற் கரப்பந்தாட்டம்

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்திலே, மாலை வேளையிற் கரப்பந்து ஆடாத ஊரைக் காண்பது அரிது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முஸ்லிம் இளைஞரும், பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ் இளைஞரும் இதனைத் தமது சொந்த ஆட்டமாகவே கொண்டுள்ளனர். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து; இவை இருந்தாற் போதும், வெறுங்காலுடனே ஆடலாம். அரசாங்கமும் 1991 ஆம் ஆண்டில் இதனை இலங்கையின் தேசிய விளையாட்டு என அறிவித்தது. எனினும், ஆசிய விளையாட்டு விழாக்களிலே கரப்பந்தாட்டத்தில் நம் நாடு ஒரு பதக்கமேனும் இன்னும் பெற்றதில்லை. இத்தனை ஊர்களிலே செழித்து வாழும் ஓர் ஆட்டம் அங்கே ஏன் வெல்லவில்லை? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் அவ்விழாவின் பழைய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று.

கரப்பந்தாட்டம் ஓர் இளைஞர் சங்கத்திலே பிறந்த குழந்தை. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹொலியோக் நகரில், வை. எம். சீ. ஏ. சங்கத்தின் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்த வில்லியம் மோர்கன் என்பவர் 1895 ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். கூடைப்பந்தாட்டத்தின் வேகத்தைத் தாங்க இயலாத நடுவயதினருக்காக அவர் அமைத்த மெல்லிய ஆட்டம் இது. அதே சங்கத்தின் வழியாகவே இது கீழ்த்திசைக்கும் வந்தது. கொழும்பு வை. எம். சீ. ஏ. யின் உடற்பயிற்சிப் பணிப்பாளர் வோல்ரர் கெமக் 1916 ஆம் ஆண்டில் இலங்கைக்கு இதனை அறிமுகஞ் செய்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்னரே, 1913 இல் மணிலாவில் நடந்த தூரகிழக்கு விளையாட்டு விழாவிலே பிலிப்பைன்சும் சீனமும் கரப்பந்தாட்டத்திற் பொருதின.

அந்நாளில் ஒரு பக்கத்துக்குப் பதினாறு பேர் ஆடினர் என்றால் இன்றுள்ளோர் வியப்பர். பின்னர் அத்தொகை பன்னிரண்டாயிற்று. 1927 அளவில் ஒன்பதாயிற்று. மூன்று வரிசை, வரிசைக்கு மூவர். இவ்வாட்டத்துக்குச் சீனர் வழங்கும் பெயரும் வரிசைப் பந்து என்னும் பொருளுடையதே. இந்த ஒன்பதின்மர் ஆட்டத்திலே இடமாற்றம் இல்லை. முன்வரிசையில் நிற்கும் நெடியவன் ஆட்டம் முடியுமட்டும் முன்வரிசையிலேயே நின்று பந்தை அறைவான். பின்வரிசையில் நிற்பவன் பந்தை எடுத்துக் கொடுப்பதோடு அமைவான். அவரவர் தொழில் அவரவர்க்கு.

மேல்நாட்டிலோ அறுவர் ஆட்டம் வேரூன்றியிருந்தது. எதிரணியிடமிருந்து பந்தைப் பணிக்கும் உரிமையைப் பெறுந்தோறும் அறுவரும் கடிகாரமுள் செல்லும் திசையில் ஓரிடம் நகர்தல் வேண்டும். இதனால் அந்நாளில் அறைபவன் பின்னே வந்து பந்தை ஏற்க வேண்டியிருந்தது. ஏற்பவன் முன்னே சென்று தடுக்க வேண்டியிருந்தது. ஒரு தொழில் மாத்திரம் அறிந்தவனுக்கு அன்று இங்கே நிலைத்த இடமிருக்கவில்லை.

1951 இல் டில்லியிலும் 1954 இல் மணிலாவிலும் நடந்த ஆசிய விழாக்களிற் கரப்பந்தாட்டம் இடம்பெறவில்லை. 1958 இல் ரோக்கியோவிலே அது சேர்க்கப்பட்டபோது, எந்த ஆட்டத்தைச் சேர்ப்பது என்ற இடர் எழுந்தது. ஒன்பதின்மர் ஆட்டத்தைக் கைவிடக் கிழக்காசியாவுக்கு மனமில்லை. உலகம் ஏற்றதோ அறுவர் ஆட்டம். ஈற்றில் இரண்டும் தனித்தனிப் போட்டிகளாக நடத்தப்பட்டன. ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள்! அறுவர் ஆட்டத்திலே யப்பான் முதலிடமும், ஈரான் இரண்டாமிடமும், இந்தியா மூன்றாமிடமும் பெற்றன. 1962 இல் யக்கார்த்தாவிலும் இரண்டு ஆட்டங்களும் நடந்தன. அவ்வாண்டு அறுவர் ஆட்டத்தில் இந்தியா வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1966 இல் பாங்கொக் விழாவுக்கு வந்தபோது ஒன்பதின்மர் ஆட்டம் மறைந்துவிட்டது.

இம்மாற்றத்தின் சிறப்பை யப்பானிய மகளிரிடம் காணலாம். நிச்சிபோ நெசவாலையின் பெண்கள் ஒன்பதின்மர் ஆட்டத்தில் தம் நாட்டிற் புகழ்பெற்றிருந்தவர்கள். பழகிய வெற்றியோடு அவர்கள் அமைந்திருக்கலாம். ஆயினும் பயிற்றுநர் ஹிரோபூமி டைமற்சு அவர்களை அறுவர் ஆட்டத்துக்குத் திருப்பினார். அறுவர் மாத்திரம் நின்று முழு நிலத்தையுங் காக்க வேண்டியிருந்தமையால், தரையில் உருண்டு பந்தை எடுத்து மறுகணமே எழுந்து நிற்கும் முறையை அவர்கள் இடைவிடாது பயின்றனர். 1962 இல் மொஸ்கோவில் உலகச் சம்பியன் பட்டம் அவர்கள் வசமாயிற்று. 1964 இல் ரோக்கியோ ஒலிம்பிக்கிலே கரப்பந்தாட்டம் முதன்முறை இடம்பெற்றபோது, பெரும்பாலும் அந்நெசவாலைப் பெண்களால் அமைந்த யப்பானிய அணி சோவியத் அணியை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. தம் பழைய ஆட்டத்தை மறக்கத் துணிந்தவரே புதிய ஆட்டத்தில் முதல்வராயினர்.

இனி நம்மை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலும், அங்கிருந்து கனடா சென்று வாழும் தமிழரிடையிலும், ஓவர் கேம் என்றும் செற்றப் கேம் என்றும் இன்றும் இருவகை ஆட்டம் வழங்குகின்றது. ஊர் ஆட்டத்தை இகழ்தல் தகாது. கூட்டத்தை மகிழ்விப்பதும் சிறுவரை ஈர்ப்பதும் அதுவே. ஆனால் ஊரிலே நெடியவனுக்கு அறையும் வேலையும் குட்டையனுக்கு எடுக்கும் வேலையும் என்று பன்னிரண்டு வயதிலேயே பிரித்துவிடுகிறோம். பின்னர் அவன் தேசிய அணிக்குச் சென்றாலும் பாதி ஆட்டக்காரனாகவே செல்கிறான். 2016 இல் குவகாத்தியில் நடந்த தெற்காசிய விழாவிலே நம் ஆடவரும் மகளிரும் இறுதிப் போட்டிவரை சென்று வெள்ளி பெற்றனர். ஆகவே ஆற்றலிற் குறைவில்லை. அதனை முழுமையாக வளர்க்கும் பயிற்சியே வேண்டற்பாலது.

2018 இல் கோல்ட் கோஸ்ற் பொதுநலவாய விழாவில் முதன்முறை சேர்க்கப்பட்ட கடற்கரைக் கரப்பந்தாட்டத்திலும் இலங்கை பங்குபற்றியது. அதில் அணிக்கு இருவரே. ஏற்பதும் உயர்த்துவதும் அறைவதும் அவ்விருவர் கடனே. அதற்கு வேண்டிய மணலை இறைவன் நம் வாசலிலே கொட்டி வைத்திருக்கிறான். கல்முனைக் கரையில் இன்று பந்தெடுக்கும் சிறுவனை எல்லா இடத்திலும் நிறுத்திப் பழக்குவோம். எந்த மதத்தினனாயினும் எந்த ஊரினனாயினும் அவனுக்கு ஆறு இடமும் உரியதே. இளைஞர் சங்கமொன்றிலே பிறந்த ஆட்டத்துக்கு இளைஞர் சங்கங்கள் செய்யத்தக்க கைம்மாறு இதுவன்றோ!