நாலு பேர் போதும்: கரோக்கி வந்த கதையும் நம் சனிக்கிழமை மாலையும்



போன காலாண்டில் நம் பல்நோக்குக் கூடத்தில் நடந்த கரோக்கி மாலைக்கு வந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பது நாற்காலி போட்டிருந்தோம். மேடை, இரண்டு பெரிய ஸ்பீக்கர், வாடகைக்கு எடுத்த மிக்சர், வாசலில் மசால் வடை, காபி. கேட்க வந்தவர்கள் இருபது பேருக்குள்தான். பாடப் பெயர் கொடுத்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் நன்றாகவே பாடுவார். அவரே ஏழு பாட்டுப் பாடினார். ஏழாவது முடிவதற்குள் பாதிப் பேர் செல்போனுக்குள் போய்விட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் சட்டைப்பையில் துண்டுச்சீட்டோடு உட்கார்ந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும், "அடுத்த தடவை பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்துவிட்டார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், "ஆளே வராத நிகழ்ச்சிக்கு எதற்குச் செலவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஏற்பாடு செய்தவன் நான் என்பதால் பதில் சொல்லவேண்டியவனும் நானே. அதற்காகக் கரோக்கியின் வரலாற்றைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். நம் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்தான். கரோக்கி எண்பது பேருக்காக வந்த பொருளே இல்லை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இயந்திரம் வருவதற்கு முன்

1950களில் தோக்கியோவில் 'பாட்டுக் காபிக் கடைகள்' பிரபலமாக இருந்தன. காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் கையில் ஒரு பாட்டுப் புத்தகம் கிடைக்கும். ஒருவர் அக்கார்டியன் வாசிக்க, இன்னொருவர் முன்னால் நின்று எடுத்துக்கொடுக்க, கடையே சேர்ந்து பாடும். அங்கே யாரும் தனியாக எழுந்து நின்று பாடிக்காட்ட வேண்டியதில்லை. நம் ஊர் பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுத்து மற்றவர் வாங்கிப் பாடுவது போலத்தான்.

இன்னொரு பக்கம், மதுக்கடைகளில் 'நாகாஷி' என்ற நடமாடும் இசைக்காரர்கள் இருந்தார்கள். தோளில் கிதாரோடு கடை கடையாகப் போவார்கள். வாடிக்கையாளர் காசு கொடுத்தால், அவர் பாட இவர்கள் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். பாடுகிறவர் தாளம் தப்பினாலும் கூடவே போய்ப் பிடித்துக்கொள்வது இவர்கள் தொழில் சாமர்த்தியம்.

கரோக்கி இந்த நாகாஷிகளின் வேலைக்குத்தான் இயந்திரம் செய்தது. மேடைக் கச்சேரிக்கும் அதற்கும் ஆரம்பத்தில் தொடர்பே இல்லை.

ஒரு வீட்டின் சமையலறை

1967இல் தோக்கியோவில் சிறிய மின்னணுத் தொழிற்சாலை நடத்திவந்தவர் ஷிகேயிச்சி நெகிஷி. பாடிக்கொண்டே அலுவலகத்துக்குள் வருவது அவர் வழக்கம். ஒருநாள் ஊழியர் ஒருவர் அவருடைய பாட்டைக் கேலி செய்தார். பின்னணி இசை இருந்தால் நானும் நன்றாகத்தான் பாடுவேன் என்று நெகிஷிக்குத் தோன்றியது. டேப் ரெக்கார்டர், மைக், ஸ்பீக்கர் மூன்றையும் இணைத்துத் தரச் சொன்னார். செய்த பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் சமையலறையில் அதை வைத்துக்கொண்டு பாடினார்கள். மொத்தம் ஐந்து பேர். நம் பட்டியலில் இருந்த அதே எண்ணிக்கை!

பாட்டுக்கு ஏற்ப விளக்குகள் மின்னும்படி செய்து அதற்கு 'ஸ்பார்க்கோ பாக்ஸ்' என்று பெயர் வைத்து விற்றார். 'கரோக்கி' என்ற சொல் அப்போதே இசைத்துறையில் உண்டு. 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லின் சுருக்கம். குழு இல்லாமல் டேப்பை ஓடவிட்டுப் பாடகர் பாடுவதை அப்படிச் சொல்வார்கள். ஜப்பானிய மொழியில் சவப்பெட்டியைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய அதே ஒலியில் இருக்கும் என்பதால் அந்தப் பெயரில் விற்கத் தயங்கினார்களாம். சுமார் 8,000 பெட்டிகள் விற்றன. ஆனால் பிழைப்புப் போகிறது என்று நாகாஷிகள் முறையிட, சில கடைகள் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகச் சொல்லிவிட்டன. 1975 வாக்கில் நெகிஷி இந்தத் தொழிலை விட்டார். 2024 ஜனவரியில், 100 வயதில் காலமானார்.

முதலாளியின் குரலுக்கு ஒரு டேப்

நெகிஷியைப் பற்றி எதுவும் தெரியாமலே 1971இல் கோபே நகரில் அதே இடத்துக்கு வந்துசேர்ந்தவர் தைசுகே இனோவே. மதுக்கடைகளில் வாடிக்கையாளர்களுக்குக் கீபோர்டு வாசித்துப் பிழைத்தவர். எஃகு நிறுவன முதலாளி ஒருவர் இவருக்கு வாடிக்கை. அந்த முதலாளி அலுவலகப் பயணமாக வெந்நீர் ஊற்று உள்ள ஊருக்குப் போகவேண்டி வந்தது. இரவு விருந்தில் பாடச் சொல்வார்கள், கூட வந்து வாசியுங்கள் என்று கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. முதலாளியின் குரலுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி வாசித்து ஒரு டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அவர் அதை ஓடவிட்டுப் பாடி, மகிழ்ச்சியோடு திரும்பிவந்தார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, அந்த டேப் ஒரே ஒரு மனிதருக்காகச் செய்யப்பட்டது என்பது. மூலப் பாடகரின் உச்சத்தை அவர் எட்டவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பாட்டைத்தான் அவர் குரலுக்கு இறக்கினார்கள்.

பிறகு இனோவே, டேப் இயக்கி, மைக், காசு போடும் பெட்டி எல்லாம் சேர்த்து 11 இயந்திரங்கள் செய்து கோபே கடைகளில் வைத்தார். 100 யென் நாணயம் போட்டால் பாட்டு ஓடும். காப்புரிமை வாங்கவில்லை. பிலிப்பைன்சில் ரொபேர்த்தோ தெல் ரொசாரியோ என்பவர் தம் 'சிங் அலாங்' இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு வழக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இனோவேக்குப் பெரிய பணம் வரவில்லை. ஆனால் 2004இல் வேடிக்கையும் விஷயமும் கலந்த இக் நோபல் பரிசு, அதிலும் அமைதிக்கான பரிசு, கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் பழகப் புதிய வழி கண்டதற்காக என்று காரணம் சொன்னார்கள். 'கார் பார்க்கிங்' விஷயத்தை வைத்து வாட்ஸ்அப் குழுவில் நாம் பேசிக்கொள்வதைப் பார்த்தால், இந்தப் பரிசின் அருமை நமக்குத்தான் நன்றாகப் புரியவேண்டும்.

சரக்குப் பெட்டிக்குள் பாட்டு

இயந்திரம் பரவியபோது இரண்டு தொல்லைகள் வந்தன. நடுராத்திரி வரை பாட்டு. அக்கம்பக்கத்தார் தூக்கம் போயிற்று. கூடவே, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பாடவேண்டியிருந்ததால் கூச்சமுள்ளவர்கள் கிட்டவே வரவில்லை.

இரண்டுக்கும் தீர்வு 1980களின் நடுவில் ஒகயாமா பகுதியில் கிடைத்தது. பழைய சரக்குப் பெட்டி ஒன்றை அறையாக மாற்றி, உள்ளே கரோக்கி வைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். இதுதான் 'கரோக்கி பாக்ஸ்'. கதவைச் சாத்தினால் உள்ளே உங்கள் ஆட்கள் மட்டும். அதுவரை மதுக்கடைக்குப் போகாத பெண்களும் மாணவர்களும் குழந்தைகளோடு குடும்பங்களும் பாட வந்தார்கள். 1982இலேயே லேசர் டிஸ்க் வழியாகப் பாட்டுவரிகள் திரைக்கு வந்திருந்தன. அறையில் எல்லார் கண்ணும் திரைமேல் இருக்கும்; பாடுகிறவர் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கூச்சம் பாதி இதிலேயே போய்விடும். 1992இல் தொலைபேசி இணைப்பு வழியே பாட்டுகள் வந்து சேரும் முறையும் வந்தது.

ஆக, கரோக்கி உலகம் சுற்றிய கதையில் அது நன்றாகச் செழித்த இடம் நாலைந்து பேர் உட்காரும் அறை. நாம் அதைப் பிடித்துக் கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி மேடையில் ஏற்றிவிட்டோம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பாட்டுக்கு நாலு நிமிடம். முப்பது பேர் பாட வந்தால் இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு பாட்டுதான். ஐந்து பேர் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆளுக்கு ஆறு முறை கிடைக்கும். ஆள் குறைந்தால் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் தொண்டை களைக்கும், தெரிந்த பாட்டுத் தீர்ந்துபோகும். கவனிக்கவேண்டியது அந்த இடைவெளியைத்தான். அதற்கு நான் முன்வைக்கும் யோசனைகள் இவை.

முதலில் இடம். கூடம் வேண்டாம், நூலக அறை போதும். பதினைந்து நாற்காலி, வட்டமாக. மேடை இல்லை. மைக்கை உட்கார்ந்த இடத்திலேயே கைமாற்றிக்கொள்ளலாம். சங்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரே இதற்குக் கணக்கு, வாடகையும் மிச்சம்.

முதல் பாட்டை எல்லாரும் சேர்ந்து பாடுவோம், காபிக் கடைக்காரர்கள் மாதிரி. வாயைத் திறந்துவிட்டவருக்கு அடுத்து மைக் பிடிப்பது அவ்வளவு பயமாக இருக்காது.

சுருதியை இறக்குவோம். டி.எம்.எஸ்., எஸ்.பி.பி., ஜானகி அம்மா பாடிய சுருதியில் நம்மில் எத்தனை பேரால் சரணம் வரை தாக்குப்பிடிக்க முடியும்? கரோக்கிச் செயலிகள் பலவற்றில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கினால் பாட்டு நம் கைக்குள் வந்துவிடும். ஆனால் அதை முன்கூட்டியே வீட்டில் பாடிப்பார்த்துக் குறித்துக்கொண்டு வரவேண்டும்.

ஜப்பானில் ஒருவருடைய ஆஸ்தானப் பாட்டை 'பதினெட்டாம் எண்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இச்சிகாவா என்ற கபுகி நாடகக் குடும்பம் தன் புகழ்பெற்ற நாடகங்கள் பதினெட்டைத் தொகுத்ததிலிருந்து வந்த வழக்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உங்கள் பதினெட்டாம் எண் எது? அதை மட்டும் முன்பே எழுதி அனுப்புங்கள். "யார் பாடப்போகிறீர்கள்?" என்று கேட்டால் ஐந்து பேர்தான் கை தூக்குவார்கள், பிடித்த பாட்டைச் சொல்லுங்கள் என்றால் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பாட்டு வரும்போது அவர் பாடாவிட்டாலும் கூட முணுமுணுக்காமல் இருக்க மாட்டார்.

ஒருவரே தொடர்ந்து இரண்டு பாட்டுப் பாடக்கூடாது. நன்றாகப் பாடுகிறவர்களிடம் என் வேண்டுகோள்: அடுத்தவரோடு சேர்ந்து டூயட் பாடுங்கள், திணறும் இடத்தில் எடுத்துக்கொடுங்கள். பழைய நாகாஷிகள் செய்த வேலை அதுதான். தொண்டை களைத்தால் பல்லவியும் ஒரு சரணமும் போதும். பாடாதவர்களுக்கு ஜப்பானிய அறைகளில் தம்புரினும் மராக்காஸும் வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் ஜால்ராவும் கஞ்சிராவும் இருக்கின்றன, எடுத்து வாருங்கள். நடுவில் ஒரு கால் மணி நேரம் பாட்டுக்குப் பாட்டு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மைக்கே வேண்டாம். மதிப்பெண் காட்டும் வசதியை அணைத்துவிடுவோம்.

லேப்டாப்பை ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுவோம். ஒருவர் பாடும்போதே அடுத்த பாட்டு வரிசையில் ஏறிவிட வேண்டும். போன முறை பாட்டுக்குப் பாட்டு ஐந்து நிமிடம் தேடியதும், நடுவில் சோப்பு விளம்பரம் ஓடியதும்தான் கூட்டத்தைக் கலைத்தன. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி சட்டப்படி கூடாது. நாம் ஒன்பதுக்கே முடித்துக்கொள்வோம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வளாகம் இது.

கடைசியாக ஒன்று. லிஃப்ட் பக்கம் போய்விட்டார் என்று சொன்னேனே, அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். துண்டுச்சீட்டில் இருந்தது டி.எம்.எஸ். பாட்டு. "மேல் சரணம் ஏறாது சார், அதான் எழுந்துட்டேன்" என்றார். என் போனிலேயே ஒன்றரைக் கட்டை இறக்கிப் போட்டேன். பல்லவி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர், சரணம் வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார். ஏறியது. "எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டார். நாலு பேர் சார் என்றேன். "அப்ப சரி" என்றார்.

செயற்குழு இன்னும் ஒரு மாலைக்கு அனுமதி தந்திருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 6.30, நூலக அறை. உங்கள் பதினெட்டாம் எண்ணை அலுவலகத்தில் வைத்திருக்கும் பெட்டியில் எழுதிப் போடுங்கள். பாட வராவிட்டாலும் பரவாயில்லை, கஞ்சிராவோடு வாருங்கள்.