யாழ்ப்பாண வெங்காயமும் போரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. கிணற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் பயிர். 1970-77இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் அங்குள்ள விவசாயிகளுக்கு நல்ல காலம். 1977இல் ஜெயவர்த்தனா அரசு இறக்குமதியைத் திறந்துவிட, விலை விழுந்தது. இது போருக்கு முந்தைய அடி.

1990இல் வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு உரமும் சேர்ந்தது. யூரியாவில் வெடிமருந்து செய்யலாம் என்பது அரசு சொன்ன காரணம். காரணத்தில் உண்மை உண்டு, தண்டனை என்னவோ தோட்டக்காரனுக்கு! மண்ணெண்ணெய் இல்லாமல் பம்பு ஓடவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பாத்தி காய்ந்தது. பலாலி, காங்கேசன்துறையைச் சுற்றிய வளமான செம்மண் நிலமும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

பயிரின் வயிற்றில் அடித்தது ஒரு தரப்பு மட்டுமல்ல. 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்து மாவிலாறு மதகைப் புலிகள் மூடினார்கள். சிங்களர், முஸ்லிம்கள், தமிழர் என மூவரின் நெல்வயல்களுக்கும் தண்ணீர் நின்றது. அதை ஒட்டியே சண்டை மறுபடி மூண்டது. ஆகஸ்டில் ஏ9 சாலை மூடப்பட, யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் சர்க்கரையும் கப்பலில் வரவேண்டியதாயிற்று. உள்ளே விளைந்தது வெளியே போகவும் வழியில்லை.

2009இல் போர் முடிந்தது. வலிகாமம் வடக்கு நிலங்கள் அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்கள் கண்டது தூர்ந்த கிணறும் புதர் மண்டிய தோட்டமும்தான்.