துக்கத்தின் காலம்

கி.பி. 70இல் ரோமப் படை ஜெருசலேம் கோயிலை எரித்து இடித்தது. அதற்கு ஆறரை நூற்றாண்டு முன்பே முதல் கோயிலைப் பாபிலோனியர் அழித்திருந்தனர். இரண்டுக்குமாக யூதர்கள் ஆப் மாதத்து ஒன்பதாம் நாளில் துக்கம் காக்கிறார்கள். சுமார் 25 மணிநேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. குளிப்பதில்லை, தோல் செருப்பு ஆகாது. எழவு வீடு மாதிரி தரையில் உட்கார்ந்து புலம்பல் ஆகமத்தை வாசிப்பார்கள். 1096இல் சிலுவைப்போர்க் கும்பல்கள் ரைன் கரை ஊர்களில் கொன்றுபோட்டவர்களுக்கான ஒப்பாரியும் பின்னாளில் இதில் சேர்ந்துகொண்டது. நாடில்லாத சனத்துக்கு இந்த ஒருநாளே வரலாற்று ஏடாகவும் இருந்தது.

நாடு கிடைத்த பின்? 1967 ஜூனில் இஸ்ரேல் பழைய ஜெருசலேமைப் பிடித்தது. அந்நாளின் பிற்பகல் தொழுகையிலோ அந்நகரம் பாழ், பிள்ளைகளற்றது என்று வருகிறது. கண்ணெதிரே சனம் பெருகும் நகரத்தை இப்படிச் சொன்னால் கடவுளிடமே பொய் சொன்னதாகாதா என்று ரபி ஹைம் டேவிட் ஹலேவி 'இருந்தது' என்ற சொல்லைச் சேர்த்து இறந்தகாலமாக்கினார். மாற்றவே கூடாது என்றார் ஓவடியா யோசெஃப். என்ன, வெறும் இலக்கணச் சண்டைதானே என்று தோணும். அதிகாரம் கைக்கு வந்தவர் இன்னும் பறிகொடுத்தவராகவே தன்னைச் சொல்லிக்கொள்ளலாமா என்பதுதான் அங்கே பிரச்சினை. நான் ஹலேவி பக்கம். ஆனால் அவருடைய திருத்தமும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

மேற்குச் சுவர் முன் இன்று கூட்டம் உட்கார்ந்து அழும் திடல், 1967 ஜூன் 10 இரவுவரை மக்ரிபி குடியிருப்பு. சில மணிநேரமே அவகாசம் கொடுத்து, புல்டோசர் விட்டுச் சுமார் 135 வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். எபிரேயத்தில் கோயிலுக்கும் 'வீடு' என்றே பெயர் (நம் 'கோயிலி'லும் ஒரு 'இல்' உண்டு). இடிந்த வீட்டுக்காக அழுகிறவர்களின் காலடியில் கிடக்கும் இந்த வீடுகளுக்கு எந்த வினைமுற்று?

தல்மூத் இரண்டாம் கோயிலின் வீழ்ச்சிக்கு ரோமைச் சாடி நிறுத்திக்கொள்ளவில்லை. நமக்குள்ளிருந்த காரணமற்ற வெறுப்பே காரணம் என்கிறது. இந்தச் சுயவிசாரணை அரசுக்குத் தோதுப்படாது. 1951இல் நாஜிப் படுகொலைக்கு நினைவுநாள் குறித்தபோது ஆப் ஒன்பதை விட்டு, வார்சா எழுச்சியை ஒட்டிய தேதியைத்தான் நாடாளுமன்றம் எடுத்தது. 1977இல் பெகின் அதை ஆப் ஒன்பதுக்கு மாற்றப் பார்த்தார், நடக்கவில்லை. நாஜிகளிடம் மாண்டவர்கள் தலையில் பாவத்தைச் சுமத்துவது அக்கிரமம், அதில் சந்தேகமேயில்லை. ஆனால் ஆளுகிறவர்களுக்கு அந்த விசாரணை வேண்டாமா? அது கழன்று போனால் துக்கம் நிலப்பட்டாவாக மாறிவிடும் என்றே எனக்குப் படுகிறது.

2025இல் அந்த நாள் ஆகஸ்ட் 3. அமைச்சர் இத்தமார் பென் க்விர், யூதத் தொழுகைக்கு நெடுங்காலமாக அனுமதியில்லாத அல்-அக்ஸா வளாகத்துக்குப் போய்த் தொழுதார். காசா முழுவதையும் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அமெரிக்காவில் சில யூதர்கள் காசாவின் பசிக்காக அதே துக்கத்தைக் காத்தார்கள். இரு தரப்புக்கும் ஆகமம் ஒன்றுதான். முற்றுகையிட்ட நகரத்தில் குழந்தைகள் பசியால் சாவது அதில் எழுதியிருக்கிறது.